வட்டு மறையும் ஆழம்

திங்களும் வெள்ளியும் நான் செய்வது எளிய வேலை.
சோற்றுத் தட்டளவு ஒரு வட்டு,
கால் கால் பங்காய்க் கறுப்பும் வெள்ளையும்.
கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்குவேன்.
அது கண்ணுக்கு மறைகிற இடத்தில்
கயிற்றைக் கிள்ளிப் பிடித்து
முடிச்சுகளை எண்ணுவேன்.
ஒரு முடிச்சுக்குப் பத்து சென்டிமீட்டர்.
வெருலத்துக்கு மேலே இந்த அணைநீர்
எவ்வளவு தெளிவு என்பதற்கு
அரசாங்கத்திடம் உள்ள சாட்சி
என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு முடிச்சு.
இன்று நான்கு.

இடையில் ஒரு ஞாயிறு.
இங்கே மார்கழி வேர்த்து ஒழுகும் மாதம்.
பள்ளிகள் மூடி, போனஸ் கைக்கு வந்து,
பக்கி வண்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு
படகுகள் மலைச்சாலையில் ஏறி வந்தன.
கரையெல்லாம் பிராய்ப் புகை, ஐஸ் பெட்டிகள்,
மூன்று மொழியில் பாட்டு, ஒன்றையொன்று மிதித்தபடி.

அக்காள் கணவர் பூபி மச்சானும் வந்தார்.
தொண்ணூறு குதிரை பூட்டிய எந்திரம்;
விலாவில் சிவப்பாய் மகளின் பெயர், கிருபாஷினி.
"ஒரே ஒரு சுற்று" என்றார்.
"வாரத்துக்கு ரெண்டு தடவை அளக்கிறாயே,
ஒருநாள் அதன்மேல் பறந்து பார்."

பறந்தேன்.
பொய் சொல்லமாட்டேன், பறந்தேன்.
சாரல் முகத்தில் ஊசி குத்த,
கொண்டை அவிழ,
பத்து வருஷக் கோப்புகள் கழன்று பின்னே விழ,
"இன்னும் வேகம்!" என்று கத்தியது
என் தொண்டைதான்.
மச்சான் ஒடித்துத் திருப்பிய திருப்பில்
நாணல் பக்கமாய் ஓர் அலை புறப்பட்டது.
அது எங்கே போகிறது என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
சம்பளமே அதற்குத்தான்.

இன்று துடுப்பு போட்டு அந்தப் பக்கம் போனேன்.
கரைமண் சரிந்து
ஈறு தேய்ந்த பற்களாய் நின்றன நாணல் வேர்கள்.
விசிறியில் அறுபட்ட ஆகாயத்தாமரை
துண்டு துண்டாய் மிதந்தது.
எந்தத் துண்டும் செத்திருக்கவில்லை;
ஒவ்வொன்றும் குடியிருக்க இடம் தேடிக்கொண்டிருந்தது.
நீர்மேல் பெட்ரோலின் மெல்லிய ஏழு நிறம்.
அழகாகத்தான் இருந்தது அதுவும்.

முக்குளிப்பான் கூடு அங்கேதான் இருந்தது.
போன திங்கள் பார்த்தேன்,
தண்டுகளில் கோத்த ஒரு பிடி ஈரக் குப்பை.
துடுப்புச் சத்தம் கேட்டதும்
முட்டைகளின்மேல் பாசியை
அவசர அவசரமாய் இழுத்துப் போர்த்திவிட்டு
முழுகிப் போனது பறவை.
பருந்துக்கும் எனக்கும் அந்தப் போர்வை போதும்.
அலைக்குக் கண் இல்லை.

இப்போது அங்கே வெறும் தண்ணீர்,
பால் விட்ட தேநீரின் நிறத்தில்.
சற்றுத் தள்ளித் தலை தூக்கியது அது.
முழுகியது. வேறிடத்தில் தூக்கியது.
அலகில் ஒரு நாணல் துணுக்கு.
திரும்பக் கட்டுகிறதா, தேடுகிறதா?
அதை அளக்க
என் கயிற்றில் முடிச்சு இல்லை.

வாயிலில் ஸோட்வா நோட்டை நீட்டினாள்.
ஞாயிறு, எந்திரப் படகுகள்: பதின்மூன்று.
"பதினான்கு இருந்திருக்குமே?"
"உன்னுடையதை எண்ணவில்லை.
நீ போனால் வேலையாகத்தான் போவாய்."
சிரித்தபடி
தன் தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.

அதைக் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.
சர்க்கரை அதிகம்.
பிறகு அவள் பேனாவையே வாங்கிப்
பதின்மூன்றை அடித்துப் பதினான்கு என்று எழுதிப்
பக்கத்தில் கையெழுத்திட்டேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பையில் போன் நடுங்கியது.
மச்சான் படம் அனுப்பியிருக்கிறார்.
வாய் பிளந்து சிரிக்கிறேன் நான்,
பதினேழு வயதுக்காரிபோல.
முதுகுக்குப் பின்னால்
வெள்ளையாய், விரிந்து,
மிகத் தெளிவாக
அலை.