பெஞ்சுக்கும் சம்பளம்

அந்த க்ளப்பின் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை.
மெர்சலின் ஒரு மாதிரி சொல்வாள்,
அஃப்ரின் வேறு மாதிரி.
சட்டையில் ஒரு கோபுரமும் கடிகாரமும் இருந்ததால்
மணிக்கூண்டு டீம் என்று வைத்துவிட்டோம்.
நமக்கும் ஒன்று இருக்கிறதே மின்ட்டில்,
பஸ்ஸெல்லாம் அதைப் பார்த்துத்தான் திரும்புகிறது.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி.
இத்தாலியில் அப்போது பகல் பன்னிரண்டரை.
பிராக்டீஸ் முடிந்த வியாசர்பாடி மைதானத்தில்
கோல் கம்பத்தின் அடியில் போனைச் சாய்த்துவைத்து
பதினான்கு பேர் ஒரு சாண் புல்லைப் பார்ப்போம்.
இன்றைக்கு யார் நெட் என்று முதலில் சண்டை.
ஒருநாள் திரை மங்கியது.
கொடுங்கையூர்க் குப்பைப் புகைதான் படிந்துவிட்டதென்று
ஜெர்சி முனையால் துடைத்தோம், எச்சில் தொட்டுத் துடைத்தோம்.
போகவில்லை.
அது அவர்கள் ஊர்ப் பனி.

மெர்சலினுக்கு ஒன்பதாம் எண்.
எனக்கு இருபத்து மூன்று.
அவள் ஆடி நான் பார்த்ததில்லை.
எழுபதாம் நிமிஷம் எழுந்து கோட்டோரம் ஓடுவாள்,
முட்டியை நெஞ்சுவரை தூக்குவாள்,
திரும்பிவந்து பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு
உட்கார்ந்துவிடுவாள்.
கேமரா அவளைத் தேடிப் போகாது.
கார்னர் அடிக்கும்போது பின்னால் கொஞ்சம் தெரிவாள்,
கல்யாண வீடியோவில் சாம்பார் வாளிக்காரன் மாதிரி.

அவளுக்கும் மாசச் சம்பளமாம்.
தமிழ்ச்சுடர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள்.
கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்,
பி.எஃப். மாதிரி ஏதோ ஒன்று,
பிள்ளை பெற்றால் லீவு.
"சும்மா உக்காந்துனு இருக்கறதுக்கா?"
"உக்காந்துனு இருக்கறதுக்கும்."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஜீவா ஸ்டேஷனில் ஒரு யூனிட் வந்து நின்று, போனது.

எங்களுக்கு மேட்சுக்கு இருநூறு, ஒரு குஸ்கா பொட்டலம்.
ஜெயித்தால் முட்டை.
மற்ற நாளில் நான் மணலியில்
எண்ணெய்ப் பாக்கெட் அடுக்குகிறேன்.
அங்கே ஒரே ஒரு ஸ்டூல், அது சூப்பர்வைசருடையது.
எட்டு மணி நேரமும் எனக்கு வார்ம்-அப்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு ஓவர்டைம் போட்டார்கள்.
புளியந்தோப்புக்குத் திரும்பும் பஸ்ஸில்
கம்பியில் தோளைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
எண்பத்தெட்டாம் நிமிஷம் பலகை உயர்கிறது,
பச்சை விளக்கில் இருபத்து மூன்று.
கோட்டைக் கழற்றுகிறாள்.
காதில் தோட்டுக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறாள்,
நானும் அப்படித்தான் ஒட்டுவேன்.
ஒரு கால் கோட்டைத் தாண்டுகிறது.
பஸ் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கிற்று.

வட்டம் சுற்றியது.
முன்னால் லாரி, பின்னால் ஹாரன்,
சுற்றிக்கொண்டே இருந்தது வட்டம்.
காலி மீன்கூடையோடு நின்ற அம்மா கேட்டது:
"இன்னாம்மா மூஞ்சி இப்டி போச்சு, ஊட்ல எதுனாவா?"
"இல்லமா. ஒரு பொண்ணு எறங்கிச்சு."
அது குனிந்து ஜன்னல் வழியே பார்த்தது,
இந்த இருட்டில் யார் இறங்கியதென்று.

பஸ் மேலேறியபோது ஒன்றுக்கு ஒன்று, முடிந்துவிட்டது.
வரிசையாகக் கைகுலுக்குகிறார்கள்.
அவள் வலது முட்டியில் மண்.
மெர்சலினுக்குப் போன் போட்டேன்.
"ஒரு த்ரோ-இன் போட்டாடி. அவ்ளோதான்."
"நல்லா போட்டாளா?"
"ம். கால் தூக்கல."

அடுத்த வாரம் தண்டையார்பேட்டையோடு எங்களுக்கு மேட்ச்.
எங்கள் பெஞ்ச் என்பது
இரண்டு பெயிண்ட் டின், ஒரு சென்ட்ரிங் பலகை.
இரண்டாம் பாதியில் யாரும் கூப்பிடவில்லை.
எழுந்து கோட்டோரம் ஓடினேன்,
முட்டியை நெஞ்சுவரை தூக்கினேன்.
ஓடுகிற ஓட்டத்தில் அஃப்ரின் திரும்பிக் கேட்டாள்,
"இன்னாடி, எறங்கப் போறியா?"
தெரியாது என்றேன்.
டூட்டியில் இருக்கிறேன் என்றேன்.