பூஜ்ஜியம் யூனிட்

க்ளெனிஸ் மின் அடுப்புக்கு மாறிப் பதினான்கு மாதம்.
எரிவாயுக் குழாயில் ஒரு மூச்சும் ஓடவில்லை.
ஆனாலும் மாதம் தவறாமல் பில்:
பயன்படுத்தியது பூஜ்ஜியம்,
செலுத்த வேண்டியது பத்து பவுண்டு சொச்சம்.

"எதற்கு?"
"இணைப்பு இருப்பதற்கு" என்றது தொலைபேசி,
நாற்பது நிமிடப் பியானோவுக்குப் பிறகு.

சும்மா இருப்பதற்கும் வாடகை.

ரெக்ஸமில் மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
இட்ரிஸ் வந்தான், ஸ்பானரோடு.
வெளிச்சுவர்ப் பெட்டியைத் திறந்தால்
மீட்டருக்குப் பின்னால் ஒரு நத்தை.
சுவரெல்லாம் வெள்ளிக் கோடுகளில்
அதன் கணக்கு வழக்கு.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு:
கடைசி எண்ணைப் படமெடுத்துக்கொண்டான்.
திருகினான். வால்வு முனகியது.
குழாயின் வாய்க்குப் பித்தளை மூடி.
இருபது நிமிட வேலை.
இதற்கா பதினொரு அழைப்பு, மூன்று கடிதம்,
"வாடிக்கையாளர் காலமாகிவிட்டாரா?" என்று
அவளிடமே ஒரு விசாரணை!

"பெட்டியையும் பெயர்த்துவிடவா?"

க்ளெனிஸ் குனிந்து பார்த்தாள்.
கொம்பு நீட்டி அதுவும் பார்த்தது.
"வேண்டாம், உள்ளே ஆள் இருக்கு."

கதவை மெல்லச் சாத்தினாள்,
ஒரு பென்னி கேட்காமல்.