நேர்கோடு

தண்ணீரை இங்கே நம்ப முடியாது,
நுண்ணலையைக் குடித்துத் தீர்த்துவிடும்.
ஆகவே தலைமுடித் தடிமனில் ஒரு குழாய்,
அதற்குள் அஃப்ரோஸ் வீட்டுக் கிணறு:
ராணிப்பேட்டை, தோல் ஷாப்புகளுக்குக் கிழக்கே.
எலுமிச்சைத் தோல் நிறம்.

காந்தப்புலத்தை மெல்ல ஏற்றுகிறேன்.
பேனா நேராகவே நடக்கிறது,
பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ் போவதுபோல.
கீழே மணல், மறுபடி மணல்.

ஆறாம் நிலைக் குரோமியம் அப்படித்தான்.
ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்றுகூட
வைத்துக்கொள்ளாது.
எந்தக் காந்தம் கேட்டாலும் வாய் திறக்காது.

'ஒண்ணுமில்லையா அப்போ?'
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான் அஃப்ரோஸ்,
வலதுகை நகங்களில் டிரம் போட்ட நீலம்.
இல்லாததற்கும் பேசாததற்கும்
இந்தக் கருவி போடுவது ஒரே கோடு என்றேன்.
எவ்வளவு இருக்கிறது என்பதைக்
கீழ்மாடி இயந்திரம் போன வாரமே சொல்லிவிட்டது.
எனக்கு வேண்டியது,
உள்ளே போனபின் அது என்ன செய்கிறது என்பது.

குளுட்டாதயோன் இரண்டு சொட்டு.
புட்டியில் வாங்கியது,
ஆனால் உன் ஈரலிலும் இருக்கிறது அஃப்ரோஸ்.

மூன்றாவது நிமிடம் பேனா துள்ளியது.

ஐந்தாம் நிலை!
ஒற்றை எலக்ட்ரான்.
அளவுகோல் தூளின் கோட்டுக்குச் சற்றே வலப்புறம்
ஊசிபோல ஒரு கோடு,
அதன் காலடியில் எறும்புகளாய் நான்கு.
நூற்றில் ஒன்பது அணுவுக்குக் கருவும் சுழலும்,
அதன் கையெழுத்து அந்த நான்கு.
கரைசலில் அணைவு எல்லாப் பக்கமும் உருள்கிறது,
திசைகள் கலைந்து சராசரியாகிவிடுகின்றன.
உறைய வைத்தால் திசை தெரியும்.
உறைய வைக்க நைட்ரஜன் இல்லை:
கால்நடை ஆஸ்பத்திரிக் காளை விந்துக் கேன்களோடு
எங்கள் பங்கு வருவது வியாழக்கிழமைதான்.
இன்று செவ்வாய்.

ஆக, பார்த்துக்கொண்டே இருந்தோம்.
பத்து நிமிடத்தில் பாதி உயரம்.
நாற்பதில் ஊசி இல்லை.
அகலமாய், தாழ்வாய் ஒரு மேடு மட்டும்,
வெயில் புகையில் ரத்தினகிரி தெரிவதுபோல.
மூன்றாம் நிலை.
'இதத்தான நாங்க தோலுக்குப் போடறோம்?'
இதைத்தான்.
அங்கிருந்து இங்கே வரும் வழியில்தான்
அந்த ஊசி.

இரண்டு தாள்களையும் மேஜையில் விரித்தேன்.
ஊசி இருப்பதை எடுத்துக்கொள் என்றேன்.
அவன் நேர்கோட்டை எடுத்து
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

'அது உங்ககிட்ட இருக்கட்டும்.
கேஸுன்னு வந்தா கம்பெனிக்காரன்
இதத்தான் கொண்டாந்து காட்டுவான்.
முன்னாடியே பாத்து வச்சிக்கறேன்.'