எட்டாம் எண்

சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில்
முழங்கைக்குக் கீழே பேனாவால் எண் போட்டு
பன்னிரண்டு சொட்டு வைத்தாள் மலாய்க்கார நர்ஸ்.
ஒவ்வொன்றிலும் ஒரு குத்து.
சொறியக் கூடாது என்று கண்ணால் சொன்னாள்.

பதினைந்து நிமிடம்.
யாருடைய கையோ போல அதை மடியில் வைத்துக்கொண்டு
மிளகாய்க்காகக் காத்திருந்தேன்.

ஏழு வருசமாய் அதைத்தானே ஏசுகிறோம்.
பீடோங்கில் எங்கள் ஆலை மிளகாய் அரைக்கிற நாளில்
லோரிக்காரன் கண்ணாடியை இறக்காமல் ஹாரன் அடிப்பான்.
சாலைக்கு அந்தப் பக்கம்
செம்பனைக் குலை வெட்டுகிறவன் தும்முவான்.
"தும்மலுக்கெல்லாம் எம்சியா?" என்பான்
சூப்பர்வைசர் அப்பலசாமி.

எனக்கு வந்தது தும்மல் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் பூனைக்குட்டி கத்தும்.
புருசன் எழுந்து ஜன்னலைத் திறப்பார்.
ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தணியும்.
தீபாவளி லீவு ஐந்து நாளும் கத்தவே இல்லை.
பண்டிகைதான் மருந்தென்று நினைத்தேன், பைத்தியக்காரி.

எட்டாம் எண் வீங்கியது.
கடலைப்பருப்பு அளவு. சுற்றிலும் சிவப்பு.
டாக்டர் அளவுகோல் வைத்துப் பார்த்தார்.
ஒன்றாம் எண் மிளகாய்: வெறும் தோல்.
எட்டு என்ன, டாக்டர்?
கொத்தமல்லி.

கொத்தமல்லியா!
சண்டை தெரியாத சாமான்.
சளிக்குச் சுக்கோடு தட்டிப்போட்டுக் குடிக்கிறது.
மூட்டை பிரிக்கும்போது
அதற்கு மட்டும்தான் முகமூடியை இறக்குவேன்,
வாசத்துக்காக.

சொக்சோ பாரத்தில் காரணம் என்ற கட்டத்தில்
அப்பலசாமி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்:
வீட்டுச் சமையல்.
அடித்துவிட்டு
கெதும்பார் என்று மலாயில் எழுதினேன்,
அவன் பேனாவாலேயே.

இப்போது லேபிள் பக்கம்.
ஓவர்டைம் இல்லை, மாசம் முந்நூறு வெள்ளி குறைச்சல்.
பூனைக்குட்டி வாரத்துக்கு ஒரு தரம் வந்துபோகிறது.

என் சல்லடையில் ரொபியுல் நிற்கிறான்,
வங்காளதேசத்துப் பையன்.
அவன் பெர்மிட்டில் இந்த ஆலையைத் தவிர
வேறு ஆலை கிடையாது.
நேற்று, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்,
புதுமூட்டை ஒன்றைப் பிரித்தான்.
முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான்.
இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தான்.

கண்ணாடியைத் தட்டினேன்.
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
லேபிள் உருளையால் ஓங்கித் தட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தான்.
மல்லித்தூள் ஒட்டிய மூக்கோடு சிரித்து
எனக்குக் கையாட்டினான்.