டிரிப் ஷீட்

ஆஃப்சைடு என்றால் என்னவென்று
எனக்குத் தெரியாது.
ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது மட்டும்
திரும்பிப் பார்க்காமலே தெரியும்.
ஜெயித்தால் முள் வைத்த பூட்ஸுகள்
வண்டியின் தகரத் தரையை மிதிக்கும்.
தோற்றால் ஒரு தண்ணீர்ப் பாட்டில்
பிரேக் போடும்போதெல்லாம் முன்னே உருண்டு வரும்,
வேகம் எடுத்தால் பின்னே போகும்.
ராஸ் அல் கைமா வரைக்கும்
அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

முதல் வருசம் முழுக்கப் பாட்டில்தான்.
மைதானம் என்று கல்லூரி காட்டியது
சிமென்ட் ஆலைக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி;
காற்றடித்தால் சுண்ணாம்புக் கோடு இடம் மாறும்.
அல் ஐனுக்குப் போன அன்று ஒருத்தனுக்குக் காய்ச்சல்.
"சேகனா பாய், சும்மா நில்லுங்கள், போதும்" என்று
பதினேழாம் எண் சட்டையை மாட்டிவிட்டார்கள்.
நடுவர் என் மீசையைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
பந்து ஒரே ஒருமுறை என்னிடம் வந்தது.
கீழக்கரைக்காரன் அல்லவா, மரியாதையாக
வந்த வழியே திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்பதுக்குப் பூஜ்யம்.

பிறகு வந்தார் காப்டன் வஜீஹ்.
போர்ட் சயீத்காரர், சர்க்கரை வியாதிக்காரர்,
பேச்சில் பாதி திட்டு, மீதி துஆ.
சுபுஹு பாங்குக்கு முன்னாலேயே
வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டுவரச் சொல்வார்.
ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓடுவார்கள்
முந்தஸிர், மலப்புறத்து ரிஜாஸ்,
தூத்துக்குடி ஜெர்வின், கஸ்ஸான்.
கஸ்ஸான் கடந்துபோன பிறகுதான்
மணலுக்கே சேதி தெரியும்.

மூன்றாம் வருசம் அஜ்மானில் கோப்பை.
உம்முல் குவைன் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி
அதில் கரக் டீ ஊற்றினார்கள்.
கடைப்பையன் எண்ணினான்: இருபத்திரண்டு கப் பிடித்தது.
வாய் வாயாகச் சுற்றி என்னிடம் வந்தபோது
அடியில் சர்க்கரையும்
கொஞ்சம் வெள்ளிப் பூச்சும்.
காப்டனும் குடித்தார், இன்னொரு முறை.

இருபத்தாறு இருக்கையும் நிறைந்து
இரண்டு வருசம் ஓட்டினேன்.
அப்புறம் கம்பெனிகள் மூடின.
அப்பாவின் விசா கேன்சல் என்றால்
பிள்ளையின் காலும் கேன்சல்.
ஒரே செமஸ்டரில் நான்கு பேரை
இதே வண்டியில் ஏர்போர்ட்டில் இறக்கினேன்.
ஷீட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில்
'பொது' என்று எழுதினேன், வேறென்ன எழுத.
கஸ்ஸானுக்குத் திரும்பிப்போக ஊர் இல்லை,
அம்மானில் ஒரு மாமா இருந்தார்.
கடைசி இருக்கைக்கு அடியில் பூட்ஸ் கிடந்தது.
மறந்தானா, வைத்தானா,
கேட்க நம்பர் இல்லை.

வஜீஹ் போகும்போது தன் விசிலை
என் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனார்.
இருப்புப் பட்டியலில் உள்ளது என்று
கல்லூரி அதையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

கொரோனாவில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க
படிக்கட்டில் ஒரு பூனை குட்டி போட்டது.
மைதானத்தில் பாதி இப்போது கார் நிறுத்துமிடம்.
கோப்பை கணக்குப் பிரிவில் இருக்கிறது,
ஸ்டேப்ளர் பின்னும் ரப்பர் பேண்டும் போட்டு.

இந்த ஜனவரியில்
மருந்தியல் துறைப் பெண்கள் எட்டுப் பேர்
வண்டி கேட்டு மனுக் கொடுத்தார்கள்.
ஹனூஃபுக்குப் பூட்ஸ் இல்லை.
கஸ்ஸானுடையதை எடுத்துக் கொடுத்தேன்.
ஏழு வருச வெயில் குடித்தது,
பாதி ஆட்டத்தில் அடிப்பாகம்
பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.
என் டூல்பாக்ஸிலிருந்த கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு
மீதியை ஆடி முடித்தாள்.
ஆறுக்கு ஒன்று.

திரும்பும்போது
பாட்டில் உருளும் என்று காத்திருந்தேன்.
பின்னால் ஒரே சண்டை,
அடித்த அந்த ஒன்று யாருடையது என்று.
ஒருத்தி எழுந்து முன்னால் வந்து
டாஷ்போர்டில் பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக வைத்து
"ஆஃப்சைடு இவ்வளவுதான், பாய்" என்றாள்.
ரவுண்டானா வந்தது.
கொட்டைகள் மொத்தமும் என் மடிக்கு உருண்டன.
புரிந்தது என்றேன்.