பனி விழுந்தால் செய்ய வேண்டியவை

கொன்ரெய்னரில் வந்த கூடாரத்தில்
மங்கின வெள்ளைக்கு நடுவே புதுவெள்ளையாய் ஒரு ஒட்டு,
பதினொரு அடி நீளம்.
ஸ்காபரோவில் ஒரு மாசி இரவு
பனி ஏறிக் குந்தி
அதன் முதுகு முறிந்த இடம் என்றார்கள்.

துறைமுகத்தில் கடதாசி பார்த்தவர் சிரித்தாராம்:
"பனி பட்டால் தடிமன் வரும்.
கூடாரம் கிழியுமோ?"
அவருக்குத் தெரிந்த பனி
மார்கழி விடியலில் சைக்கிள் சீற்றில் இருப்பது.
லேஞ்சியால் ஒரு துடை, முடிந்தது.

கோப்பாய் வெளியோரம், கழகத்துக் காணியில்
சீமெந்து போட்டு, நங்கூரம் இறக்கி
காற்றாடியைப் போட்ட அன்றைக்கு
அது முதலில் பெருமூச்சு விட்டது.
பிறகு ஒரு பக்கம் மட்டும் எழும்பி
நித்திரை கலையாத மாடு மாதிரி யோசித்தது.
பின்னேரம் பார்த்தால்
தேவாலயத்துக்கு அடுத்த உயரம் அதுதான்.

எனக்குச் சம்பளம் காற்றுக்கு.
கரண்ட் நின்றால் நாலு நிமிசத்துக்குள்
ஜெனறேற்றரை இழுத்துவிட வேண்டும்.
பகல் டிலக்சன், இரவு நான்.
துணைக்குக் கையேடு.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் முப்பத்தொன்று பனிக்கே:
பனி விழுந்தால் உள்ளே சூடேற்று.
பனி விழுந்தால் ஆட்களை வெளியேற்று.
பனி விழுந்தால் கூரைக்கு மேலால் கயிறு எறிந்து
இரு புறமும் நின்று
மரம் அரிவது போல மாறி மாறி இழு.
மழைக்கு ஒரே ஒரு வரி:
மழைநீர் தானாக வழிந்தோடும்.

எழுதியவர் எங்கள் கார்த்திகையில் நனையாதவர்.

தாழமுக்கம் என்று வானொலி சொன்ன மூன்றாம் நாள்
ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
உள்ளே பதினேழு வயதுக்குட்பட்ட வலைப்பந்து அணி,
மாகாணப் போட்டிக்கு ஒன்பது நாள்.
ஜெனறேற்றர் மூன்றாம் இழுவைக்கு இருமி
ஒரு காற்றாடிக்கு மட்டும் உயிர் கொடுத்தது.
கூரை தளர்ந்தது.
தளர்ந்த இடத்தில் தண்ணீர் நின்றது,
நின்ற தண்ணீர் இன்னும் தளர்த்தியது.
ரோச் அடித்துப் பார்த்தேன்:
எங்கள் தலைக்கு மேல் ஒரு குளம்,
உள்ளே இருந்து பார்க்க
பசுவின் மடி.

அனிஸ்ரலா ரீச்சர் விசில் ஊதி
எல்லாரையும் வெளியே எடுத்தா.
நான் மழைக்குள் நின்று கத்தி வாசித்தேன்,
பனி என்று வந்த இடமெல்லாம் மழை என்று மாற்றி.
மீன்வாடியில் இருந்து மதுசிகாவின் தகப்பன்
வள்ளக் கயிறு கொண்டுவந்தார்.
இந்தப் பக்கம் ஆறு பிள்ளைகள், அந்தப் பக்கம் ஆறு.
இழு, விடு. இழு, விடு.
ஒருத்திக்கும் மற்றவள் தெரியவில்லை,
கயிற்றின் ஆட்டம்தான் தெரிந்தது.
குளம் விளிம்புக்கு வந்து
ஒரேயடியாய் ஊற்றியது. கூச்சல், சிரிப்பு.
வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம்.

உயரமான பொருட்களை முதலில் அகற்று
என்பது அடுத்த பக்கம்.

நான் புரட்டவில்லை.
கோல் கம்பத்தின் வளையம்
இறங்கிவந்த கூரையை உள்ளிருந்து குத்தியது.
டப் என்ற சத்தம்கூட இல்லை.
நீளமான, அலுத்துப்போன ஒரு மூச்சு.

விடிய அளந்தோம்:
பழைய ஒட்டு அசையவில்லை.
அதற்கு ஒரு சாண் தள்ளி, கிழிவு ஏழு அடி.

காப்புறுதிப் படிவத்தில் மூன்று பெட்டி:
பனி, காற்று, தீ.
மழைக்குப் பெட்டி இல்லை.
என் பெயருக்கும் இல்லை.
ரீச்சர் பேனையைக் கையில் வைத்தபடி
கனநேரம் இருந்தா.
"காற்று எண்டு போடுவம்," என்றா கடைசியில்,
"அது போனதாலதானே."

மழை விட்டு நாலாம் நாள்
திறந்த வெளியில் பயிற்சி, காலை ஐந்தரை.
நிலத்தில் கிடந்த கூடாரத்தின் மேல்
இரவு முழுக்கப் பனி விழுந்திருந்தது,
சைக்கிள் சீற்றில் இருக்கிற அதே பனி.
மதுசிகா விரலால் அதில் ஒரு வட்டம் கீறி,
மூன்று அடி பின்னுக்குப் போய்
பந்து இல்லாமல் குறி பார்த்தாள்.

கையேட்டின்படி
ஆட்களை வெளியேற்ற வேண்டும்.
நான் பேசாமல் நின்றேன்.