பொருள் எண் ஒன்பது

நான்கு மின்விசிறிகளில் ஓடுவது ஒன்று.
அதன் காற்றுக்கு எழும்பும் வரைபடத்தை
மூலைக்கொரு டீ கிளாஸ் வைத்து அடக்கியிருக்கிறேன்.
மூன்று கிளாஸ் காலி.
கவுன்சிலர் யுவராணியினுடையது மட்டும்
ஏடு படிந்து, நிரம்பி நிற்கிறது.
நான் மண்டல அலுவலக வரைவாளன்.
இங்கே எனக்குப் பேச்சு இல்லை, வாக்கு இல்லை.
பென்சில் உண்டு.

பொருள் எண் ஒன்பது:
கொருக்குப்பேட்டையில் ஒரு பொதுக் கழிப்பறை.
பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு நான்கு.
பணம் வந்து பதினாலு மாதம்.
வேண்டுமா என்றார் கவுன்சிலர்.
கூடமே கை தூக்கியது.
எங்கே என்றார்.
தூக்கிய கைகள்
மூக்கைச் சொறிந்தபடி இறங்கின.

பள்ளிச் சுவரோரம் முதல் புள்ளி வைத்தேன்.
கிளாடிஸ் டீச்சர் எழுந்தார்:
"அப்போ ஆறாம் வகுப்பு சன்னலை
நீங்களே வந்து மூடிக்கிட்டு உக்காருங்க."
அழித்தேன்.
நீரேற்று நிலையத்துக்கு அருகே வைத்தேன்.
"எங்க தெருவுல வீட்டுக்கு மூணு இருக்கு,
நாலாவது எதுக்கு?" என்றார்
வங்கியில் ஓய்வுபெற்ற வைத்தீஸ்வரன்.
அழித்தேன்.
மீன் அங்காடிக்கு முன்னால் வேண்டாம், பின்னால் வைங்க என்றார்கள்.
பின்னால் கஃபூரின் ஐஸ் கிடங்கு.
கஃபூர் ஒன்றும் சொல்லவில்லை. இருமினார்.
இருமலுக்கும் அழித்தேன்.

பிறகு தெய்வங்கள்.
அம்மனுக்கு இருநூறு அடி,
அந்தோணியார் கெபிக்கு நூற்றெண்பது
என்று அளவுகோல் வைத்துக் காட்டினேன்.
போதாது என்றார்கள்.
சாமிகள் யாரும் கூட்டத்துக்கு வரவில்லை.
வந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

அழித்து அழித்துத் தாள் நைந்ததில்
ஒரு சந்து காணாமலே போய்விட்டது.
அந்தச் சந்தின் பதினேழு வீட்டிலிருந்தும்
ஆட்சேபம் சொல்ல எவருமில்லை,
வேலைநாள்.

கடைசி வரிசையிலிருந்து வந்தாள் தேசம்மாள்.
கூடையை வெளியே வைத்துவிட்டிருந்தாள்,
சும்மாடு மட்டும் தோளில்.
"இப்போ நாங்க போற எடம்
இதுல எங்க சார் கீது?"
தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவே தேடினேன்.
அங்கே வெள்ளை. அதன் மேல்
"காலி நிலம்" என்று என் கையெழுத்து.
படித்துக் காட்டினேன்.
"காலியா?" என்றாள்.
"முதல் கும்மிடிப்பூண்டி வண்டி வரும்.
வெளிச்சம் விழுந்ததும் எழுந்துக்குவோம்.
போனதும் குந்துவோம்.
அடுத்தது வரும். எழுந்துக்குவோம்.
கொடிக்கு நிக்கிறாப்போல சார்,
மொத்தப் பொம்பளைங்களும்."

வைத்தீஸ்வரன் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
செயற்பொறியாளர் தொண்டையைச் செருமி,
அது ரயில்வே நிலம், கடிதம் போடலாம்,
பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் என்றார்.

"நான் வீட்டை விட்டுக் கிளம்பினது ஏழு மணிக்கு,"
என்றார் யுவராணி.
"இந்த ஆபீஸ்ல பொம்பளைங்க ரூம் எங்க இருக்கு, சொல்லுங்க."
எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
அதற்குள் பழைய வரி ரசீதுகள், கூரை வரைக்கும்.
சாவி யாரிடம் என்பதுதான் தெரியாது.
அந்த டீயை
அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"இங்கேயே கட்டுங்க.
பறிமுதல் பண்ணின தள்ளுவண்டியெல்லாம் துருப்பிடிக்குதே, அந்த முற்றத்துல.
வாசல் தெருப் பக்கம். பூட்டு வேணாம்."
ஆட்சேபம் உண்டா என்று மூன்று முறை கேட்டார்.
யாருக்கும் பக்கத்து வீடில்லாத இடம்.
நிறைவேறியது.

புள்ளி வைத்தேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது,
முற்றத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு சன்னல்,
அதற்கு உள்ளே என் மேசை,
பதினோரு வருடமாய் நான் காற்று வாங்கும் பக்கம்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.
அழிப்பானை
இன்னும் வைக்கவில்லை.